இறுக்காமல் விட்ட நட்டு

ஆரியசாலை,
திருவனந்தபுரம்,
செப்டம்பர் 14.

அன்பு மகள் ஸ்ரீலட்சுமிக்கு,

அப்பா எழுதுவது. நீயும் மாப்பிள்ளை வினீத்தும் பிள்ளையும் அந்த அயர்லாந்துக் குளிரில் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று தினமும் நினைத்துக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதுவதுதான் வழக்கம், இந்தத் தடவை அப்படி எழுதக் கை வரவில்லை மக்களே. இருக்கிறோம். அம்மா வாக்கரைப் பிடித்துக்கொண்டு அடுக்களை வரைக்கும் நடக்கிறாள். வாரத்துக்கு மூன்று நாள் ஒரு பெண் வந்து காலை மடக்கி நீட்டிப் பயிற்சி கொடுக்கிறாள், அந்த நேரத்தில் நான் வீட்டில் நிற்பதில்லை, தெருமுனைக்குப் போய்விடுவேன். ஓணம் கழிந்தும் மழை விடவில்லை. பின்தெரு மொத்தக்கடைகளில் மிளகாய் மூட்டை நனையாமல் இருக்கத் தார்ப்பாய் கட்டி வைத்திருக்கிறார்கள், அந்த நெடி வீட்டுக்குள் வந்து தும்மல் தீரவில்லை. போனில் சொல்லாமல் ஏன் கடிதம் என்று நீ கேட்பாய். போனில் பேசும்போது அம்மா பக்கத்திலேயே இருப்பாள். அதோடு சொல்ல வந்ததை நான் நடுவில் விட்டுவிடுகிறேன். தாளில் என்றால் மேலே என்ன எழுதினேன் என்று திரும்பப் படித்துப் பார்த்துக்கொள்ளலாம். இந்தக் கடிதத்தை மூன்று நாளாக எழுதுகிறேன்.

நீ அனுப்பிய ரப்பர் விரிப்பு போன செவ்வாய்க்கிழமை வந்தது. குளியலறையில் விரித்தேன், அளவெடுத்தது போல் பொருந்திவிட்டது. விரித்துவிட்டு அதன் மேலேயே உட்கார்ந்துவிட்டேன், எழுந்திருக்க மனம் வரவில்லை. அம்மா குளியலறையில் வழுக்கி விழவில்லை மக்களே. இரண்டு மாதமாக உன்னிடம் சொன்னது பொய். அவள் வண்டியிலிருந்து விழுந்தாள். நம் புல்லட்டிலிருந்து. ஓட்டியது நான். விழக் காரணமும் நான்தான்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். வருஷாவருஷம் சாரல் காலத்தில் குற்றாலம் போய்விட்டு, தென்காசியில் அம்மாவின் அண்ணன் வீட்டில் இரண்டு நாள் தங்கி வருவோமே, அதற்காக ஜூலை ஆறாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வண்டியைத் தயார் செய்தேன். உனக்கு நாலு வயதாக இருக்கும்போது வாங்கிய வண்டி, இத்தனை வருஷத்தில் இன்ஜினைப் பிரிக்கிற வேலைக்குத் தவிர ஒர்க்‌ஷாப் பக்கம் போனதில்லை என்பது உனக்குத் தெரியும். டாப்பெட், செயின், கிளட்ச் கேபிள், கார்பரேட்டர் எல்லாம் வீட்டு முன்முற்றத்தில் நானே பார்ப்பதுதான். அன்றைக்குப் பின்சக்கரத்தைக் கழற்றினேன். பிரேக் ஷூ தேய்ந்திருந்தது, புதிது போட்டேன். டிரம்மைத் துடைத்தேன். செயினை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டுக் கழுவி, எண்ணெய் விட்டு மாட்டினேன். சக்கரத்தைத் திரும்பப் பூட்டிச் செயின் தளர்ச்சியைச் சரிபார்த்தேன். கடைசியில் ஆக்சில் நட்டை இறுக்க வேண்டும். சக்கரம் நிற்பதே அந்த ஒரு நட்டில்தான், கையால் சுற்றி நிறுத்திவிட்டுப் பெரிய ஸ்பேனர் போட்டு முழு பலத்தோடு முறுக்க வேண்டும். அதைச் செய்தேன் என்றுதான் இன்றைக்கும் என் மனசு சொல்கிறது. ஸ்பேனரின் கனம் கூட உள்ளங்கையில் இருக்கிறது. ஆனால் அது எந்த வருஷத்துக் கனமோ தெரியவில்லை.

மறுநாள் காலை கிளம்பும்போது அம்மா, மழை வரும்போல இருக்கு, தம்பானூர்ல பஸ் ஏறிப் போயிருவமா என்று கேட்டாள். எனக்குச் சுரீரென்று கோபம் வந்தது. என் கைவேலை மேல உனக்கு நம்பிக்கை இல்லையா என்று கத்திவிட்டேன். முப்பத்தைந்து வருஷத்தில் அவளிடம் அப்படிக் கத்தியதில்லை, சமீப காலமாக அடிக்கடி அப்படி வருகிறது. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறி உட்கார்ந்தாள். நெடுமங்காடு, பாலோடு எல்லாம் தாண்டியாயிற்று, வண்டி நன்றாகத்தான் ஓடியது. மடத்தறை கழிந்து ரப்பர் தோட்டத்துக்கு நடுவே ஓர் இறக்கம், அதில் வலது பக்கம் ஒரு வளைவு. பிரேக்கை மிதித்தேன். பின்சக்கரம் கோணிக்கொண்டு திரும்பியது, செயின் கழன்று விழுந்தது, வண்டி இடது பக்கம் சாய்ந்து தார் ரோட்டில் இழுத்துக்கொண்டே போனது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அம்மா ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தவள், இடுப்பு நேராகத் தரையில் அடித்தது. ரப்பர் பால் வெட்ட வந்த ரோஸ் என்கிற பெண் ஓடிவந்து அம்மாவின் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு, அனக்கண்டா, ஆரும் அனக்கண்டா என்று எல்லோரையும் தடுத்தாள். அசைக்காமல் வைத்திருந்ததால்தான் அந்த அளவோடு போயிற்று என்று பிறகு டாக்டர் சொன்னார். அந்தப் பெண்ணின் போன் நம்பரைக் கூட நான் வாங்கவில்லை. ஜீப்பில் கொண்டுபோகும்போது வலியில் அம்மாவின் முகம் வெளுத்துவிட்டது, அந்த நிலையிலும் என் சட்டையைப் பிடித்து இழுத்து, லட்சுமிகிட்ட பாத்ரூம்ல வழுக்கிட்டுன்னு சொல்லுங்க, வேற ஒண்ணும் சொல்லப்படாது என்றாள். உனக்குத் தெரிந்தால் வண்டியை விற்கச் சொல்லுவாய், அதற்காக மறைக்கிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

ஆபரேஷன் முடிந்து மூன்றாம் நாள் ஷிபு ஆஸ்பத்திரிக்கு வந்தான். கிள்ளிப்பாலத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறானே, அவன்தான் பிக்கப் வேனில் போய் வண்டியை எடுத்து வந்தான். ரோடு மோசம், மழையில் மண் வழிந்து கிடந்தது என்று வந்தவர்களிடம் எல்லாம் நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவன் என்னை வராந்தாவுக்குக் கூட்டிப்போய், சாரே, ரோட்டுக்கு ஒரு குழப்பமும் இல்ல, நட்டு முறுக்கவே இல்லல்லோ, கையால சுத்தி விட்டது அப்படியே இருந்திருக்கு என்று மெதுவாகச் சொன்னான். நான் அவனிடமும் கத்தினேன். வீட்டில் நோட்டு இருக்கிறது, இறுக்கியதும் அதில் எழுதிவைத்திருக்கிறேன், வந்து பார் என்றேன். வண்டி வாங்கிய நாள் முதல் அதற்குச் செய்த வேலை ஒவ்வொன்றையும் அந்த நோட்டில் எழுதுவேன், உனக்குத்தான் தெரியுமே. அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து நோட்டை எடுத்தேன். ஜூலை ஆறு, ஆக்சில் நட்டு இறுக்கியது என்று என் கையெழுத்தில் அழகாக இருந்தது. மனசு கொஞ்சம் ஆறியது. அப்புறம் பக்கத்தைப் பின்னால் புரட்டினேன். ஜூன் எட்டு, இன்ஜின் ஆயில் மாற்றியது. ஜூன் பதினைந்து, இன்ஜின் ஆயில் மாற்றியது. ஜூன் இருபத்திரண்டு, இன்ஜின் ஆயில் மாற்றியது. மூன்று ஞாயிற்றுக்கிழமையும் புதிதாகச் செய்வது போலவே செய்து, புதிதாகவே எழுதியிருக்கிறேன். ஒன்று கூட எனக்கு நினைவில்லை. விளக்கைப் போடாமல் ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன் மக்களே. நட்டு இறுக்கியது என்கிற அந்த வரியை இறுக்குவதற்கு முன்னாலேயே எழுதிவிட்டு, எழுதியாயிற்று என்பதையே செய்தாயிற்று என்று எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

மறுநாளே ஷிபுவிடம் போய் நீ சொன்னது சரி என்றேன். அவன் கையைத் துணியில் துடைத்துக்கொண்டு என்னை உள்ளே கூட்டிப்போய் ஸ்டூலில் உட்கார வைத்தான். பிறகுதான் அதைச் சொன்னான். நீங்க அம்பலத்துக்குப் போற நேரம் பாத்து சேச்சி என்னை விளிக்கும் சாரே, வண்டி ஒண்ணு நோக்கிட்டுப் போ, சார் அறியண்டான்னு சொல்லும், ஒரு வருஷமாச்சு என்றான். எனக்குத் தெரியாமல் அம்மா கூப்பிட்டு, நாலு தடவை வந்து அவன் எதையெதையோ இறுக்கியிருக்கிறான். ஒரு தடவை ஆயில் வடிக்கிற போல்ட், ஒரு தடவை முன்பிரேக் கேபிள், மற்றதை அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. நான் பத்மநாபசுவாமியைக் கும்பிட்டுவிட்டு வருவதற்குள் அவன் வந்து சரிசெய்துவிட்டுப் போயிருப்பான், நான் வந்து வண்டியைத் தட்டிக்கொடுத்துவிட்டுக் காபி குடித்திருப்பேன். ஜூலையில் மட்டும் அவன் தங்கச்சியின் புதுவீட்டுப் பாலுகாய்ச்சலுக்கு ஊருக்குப் போயிருந்தான். அம்மா போன் செய்தபோது, ரெண்டு நாள் கழிஞ்சு போனாப் போதும் சேச்சி என்று சொன்னானாம். அப்படியென்றால் அன்று காலை அவள் பஸ்ஸில் போகலாம் என்று கேட்டது மழைக்காக அல்ல. வண்டியை யாரும் பார்க்கவில்லை என்று தெரிந்தேதான் என் பின்னால் ஏறி உட்கார்ந்தாள்.

இதை மனசில் வைத்துக்கொண்டு பத்து நாள் அவளுக்குக் கஞ்சி ஊட்டினேன். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று மத்தியானம் தாங்க முடியாமல் கேட்டுவிட்டேன், எல்லாம் தெரிஞ்சும் ஏன் ஏறின வேணி என்று. அவள் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு, நான் ஏறலைன்னா நீங்க ஒத்தையில போயிருப்பிய, விழுந்தா தூக்க ஆள் வேண்டாமா என்றாள். முதல்லயே என்கிட்டச் சொல்லியிருக்கலாமே என்றேன். அதற்கு, சொன்னா அன்னைக்கோட நீங்க உக்காந்துருவிய, அது எனக்குத் தெரியாதா என்றாள். நீ அவளைக் கோபித்துக்கொள்ளாதே. குளியலறையில் கவனமாக இருக்கக்கூடாதா என்று போனில் நீ அவளைத் திட்டும்போதெல்லாம், சரி மக்கா, இனிமே பாத்துக்கிடுதேன் என்று சொல்லுவாளே, அப்போது நான் பக்கத்தில்தான் இருந்தேன். என் தப்புக்கு அவள் வாங்கிய திட்டு அது.

போன மாதம் ஷிபுவைக் கூட்டிக்கொண்டு மூளை நரம்பு டாக்டரைப் பார்த்தேன். இளவயதுப் பெண், பொறுமையாகப் பேசினாள். இன்றைக்கு என்ன கிழமை, நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள் என்றெல்லாம் கேட்டாள், தட்டுத்தடுமாறிச் சொன்னேன். பிறகு வெள்ளைத்தாளைக் கொடுத்து ஒரு கடிகாரம் வரைந்து அதில் பதினொன்று பத்து காட்டுங்கள் என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. முப்பத்தொரு வருஷம் டிராஃப்ட்ஸ்மேனாக இருந்தவன், பாலத்துக்கும் நீர்த்தொட்டிக்கும் படம் வரைந்தவன். வட்டம் அச்சு மாதிரி வந்தது. பன்னிரண்டு எண்ணையும் பிசகில்லாமல் போட்டேன். முள்ளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை மக்களே. பென்சிலைப் பிடித்துக்கொண்டு அப்படியே இருந்தேன். கடைசியில் பத்துக்கு ஒன்று, பதினொன்றுக்கு ஒன்று என்று இரண்டு கோடு இழுத்தேன். தப்பு என்று தெரிந்தது, சரி எது என்றுதான் தெரியவில்லை. ஷிபு தலையைக் குனிந்துகொண்டான். ஸ்கேன் எல்லாம் எடுத்துப் பார்த்துவிட்டு, இது மறதி நோயின் ஆரம்பம், மாத்திரை கொஞ்சம் மெதுவாக்கும், நிறுத்தாது என்று டாக்டர் சொன்னாள். உண்மையை மறைக்காமல் சொன்னதற்கு அவளுக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தேன். அவள் பெயரை எழுதிவைத்திருக்கிறேன்.

வண்டியைக் கொடுத்துவிட்டேன். ஷிபு எல்லாவற்றையும் நிமிர்த்தி ஓடுகிற மாதிரி ஆக்கிவிட்டு, கொண்டுவந்து நிறுத்தட்டா என்று கேட்டான். வேண்டாம், வாசலில் நின்றால் நான் மறந்துபோய் எடுத்துவிடுவேன் என்றேன். ஆற்றிங்கல்லில் ஒரு கணவன் மனைவி, இரண்டு பேரும் ஆசிரியர்கள், லடாக் வரை போகப்போகிறார்களாம், அவர்கள் வந்து ஓட்டிக்கொண்டு போனார்கள். ஸ்பேனர் பெட்டியையும் சேர்த்தே கொடுத்தேன். ஆஸ்பத்திரியில் ஒரு சொட்டுக் கண்ணீர் விடாத உன் அம்மா, அன்றைக்கு வாக்கரைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்று, முன்முற்றம் காலியாகக் கிடந்ததைப் பார்த்து அழுதாள். எனக்கு அழுகை வரவில்லை.

உடனே லீவு போட்டு ஓடிவராதே. பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் திறந்திருக்கும். டிசம்பரில் வருவதாக இருந்தீர்களே, அப்போது வந்தால் போதும், அதுவரைக்கும் நான் இப்போது இருக்கிற மாதிரியே இருப்பேன் என்று டாக்டர் சொல்லியிருக்கிறாள். ராத்திரி டியூட்டிக்குப் போகும்போது சாப்பிடாமல் போகாதே, மாப்பிள்ளையும் குளிரில் அந்த இருமலோடு அலைய வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல். அம்மாவிடம் இந்தக் கடிதத்தைப் பற்றிப் பேசலாம், இனி இந்த வீட்டில் மறைக்க ஒன்றுமில்லை. நீ திட்டியதற்கு ஒரு வார்த்தை அவளிடம் வருத்தம் சொல்லிவிடு.

உங்கள் மூன்று பேருக்கும் நீண்ட ஆயுளும் நோயில்லாத உடம்பும் கிடைக்கட்டும், பிள்ளை நன்றாகப் படித்து வளரட்டும் என்று மனம் நிறைய ஆசீர்வதிக்கிறேன். ஒன்றை மட்டும் மறக்காதே மக்களே. இனி போனில் பேசும்போது, சொன்னதையே நான் திரும்பச் சொன்னால், கேட்டதையே திரும்பக் கேட்டால், முதல் தடவை கேட்பது போலப் பதில் சொல்லி என்னைச் சமாதானப்படுத்தாதே. அப்பா, இதை இப்பத்தான் கேட்டிய என்று சொல்லிவிடு. நான் கோபப்படுவேன், கத்தினாலும் கத்துவேன். அப்படியும் சொல்லு.

இப்படிக்கு,
உன் அப்பா
ப. நீலகண்டன்