பூட்டாமல் விட்ட இடது பக்கம்

என் பாசத்துக்குரிய குணா அண்ணே,

நம்ம ஃபோர்வீல் வண்டிக்குப் பட்டன் வைத்துவிட்டேன். இதை உங்களிடம் சொல்லாமல் வேறு யாரிடம் சொல்வேன்? நான் வேலை செய்யும் புக்கிட் தெங்கா ஃபேக்டரியில் யாரிடம் சொன்னாலும் "அப்படியா" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார்கள்.

முன் சக்கரம் இரண்டையும் பிணைக்கிற ஸ்டெபிலைசர் கம்பி இருக்கிறதே, அதற்குத்தான். மலை ஏறும்போது கழற்றிவிட்டால் சக்கரங்கள் தனித்தனியாக மேடு பள்ளத்தில் இறங்கி ஏறும். தார் ரோட்டுக்கு வந்ததும் பூட்டாவிட்டால் வளைவில் வண்டி சாயும். இத்தனை வருஷமும் நீங்கள் ஸ்டியரிங்கில். நான் சகதியில் மல்லாந்து படுத்து, கம்பியின் இரு பக்கத்துப் பின்களையும் கழற்றுவதும் மாட்டுவதும். இனி டேஷ்போர்டில் ஒரு பட்டன். அமுக்கினால் கம்பி விடுபடும், திரும்ப அமுக்கினால் பூட்டும். சரியாகப் பூட்டும்வரை ஒரு சின்ன விளக்கு மின்னிக்கொண்டே இருக்கும்.

"இனிமே யாரும் கீழ படுத்து எந்திரிக்க வேணாம்லா," என்றார் ஒர்க்‌ஷாப் மணியம். அவருக்குப் பெரிய சந்தோஷம். நான் குனிந்து இடது பக்கத்தைப் பார்த்தேன்.

ஒரு வாரமாக எனக்கு இருப்புக் கொள்ளவில்லை அண்ணே. வாசலில் வண்டியை நிறுத்தி அமுக்குகிறேன், பூட்டுகிறேன், இறங்கிக் குனிந்து பார்க்கிறேன், மறுபடி ஏறி அமுக்குகிறேன். "தம்பி, ஒடச்சிராதலா!" என்று பக்கத்து வீட்டு அக்கா சத்தம் போடுகிறார். எதற்கு இந்த அவதி என்று நேற்றுவரை உங்களுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும்.

அன்றைக்குப் பாலிக் புலாவ் டுரியான் பழத்தோட்டத்திலிருந்து திரும்பும்போது நல்ல மழை. அண்ணி முதல் தடவையாக நம்மோடு வந்திருந்தார். நான் முன்னால் நடந்து வழி காட்டிய இடத்தில் சக்கரம் புதைந்துவிட்டது. "ஒனக்குக் கண்ணு முதுகுலயாடா இருக்கு?" என்று அண்ணி முன்னால் சிரித்தீர்கள். எப்போதும் சொல்வதுதான். ஆனால் அன்றைக்கு எனக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது.

தோட்ட வாசலில் கம்பியைப் பூட்டப் படுத்தேன். வலது பக்கம் மாட்டிவிட்டேன். தரை சரிவாக இருந்ததால் இடது பக்கத்து ஓட்டை நேராக வரவில்லை. ஒரு பக்கம் விட்டாலும் கம்பி இருந்தும் பிரயோசனமில்லை என்று எனக்குத் தெரியாதா? கீழே சமதரையில் போட்டுக்கொள்ளலாம் என்று எழுந்துவிட்டேன்.

"பூட்டிட்டியாடா?" என்று கேட்டீர்கள். உங்கள் முகத்தைக்கூடப் பார்க்காமல் "ஆச்சு" என்றேன். பின் சீட்டில் உர்ரென்று உட்கார்ந்திருந்தவனுக்குச் சமதரை வந்ததும் தெரியவில்லை, போனதும் தெரியவில்லை.

பாயா தெருபோங் பக்கம் இறங்கும் வளைவில் வண்டி ஒரேயடியாகச் சாய்ந்து, தடுப்பில் மோதி நின்றது. அண்ணிக்கு மணிக்கட்டு முறிந்தது. நீங்கள் இறங்கிக் குனிந்து பார்த்தீர்கள். இடது பக்கம் தொங்குவதைப் பார்த்தீர்கள். பிறகு என்னைப் பார்த்தீர்கள். நேரே அண்ணியிடம் போய், "என் தப்புமா, வேகமா வந்துட்டேன்," என்றீர்கள். ஏன் அண்ணே? என்னை நாலு அறை விட்டிருக்கக்கூடாதா?

நானாவது சொல்லியிருக்கலாம். நாளைக்கு, நாளைக்கு என்று தள்ளினேன். அண்ணி உங்களை மறுபடி மலைக்கு விடவில்லை. வண்டியை மூடிப்போட்டுவிட்டு, ஞாயிற்றுக்கிழமை மட்டும் எஞ்சினை உயிர்ப்பித்து உட்கார்ந்திருப்பீர்கள். நான்காவது மாதம் உங்கள் நெஞ்சுத் துடிப்பு நின்றுபோனது. இனி யாரிடம் போய்ச் சொல்வது என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஒரு வருஷம் ஓடிவிட்டது. போன மாதம் அண்ணி சாவியை என் கையில் கொடுத்து, வைத்துக்கொள், அல்லது விற்றுவிடு என்றார்.

நேற்று மத்தியானம் பட்டனைக் காட்ட டத்தோ கெராமாட் ரோட்டில் இருக்கும் அண்ணி வீட்டுக்கு ஓட்டிப் போனேன். வேகம் கூடினால் தானாகவே பூட்டிக்கொள்ளும் என்று பெருமையாக விளக்கினேன்.

"ஒங்க அண்ணனுக்கு எந்தப் பட்டனும் ஒதவியிருக்காது தம்பி," என்றார் அண்ணி. "பொண்டாட்டிய பக்கத்துல ஒக்கார வெச்சுக்கிட்டே அப்படி ஓட்டுன மனுசன். அவருக்கு நான் அவ்ளோதான்."

அந்தக் கடைசி வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை. "அண்ணன் வேகமா ஓட்டல அண்ணி," என்று ஆரம்பித்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன்.

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. மணிக்கட்டைத் தடவிக்கொண்டே நின்றார்.

"நாலு மாசம்டா. சோத்தப் போட்டு வெச்சுட்டு உள்ள போயிருவேன். அவருக்கு மூஞ்சி குடுத்து ஒரு வார்த்தை பேசல. நீயும் வாரா வாரம் வந்து டீ குடிச்சிட்டுத்தானே போன? ஒரு நாள் சொல்லியிருந்தா போதுமே!"

"மன்னிச்சிருங்க அண்ணி."

"என்கிட்ட கேக்காத. சாவு வீட்டுலகூட அந்த மனுசனத் திட்டித்தான் அழுதேன். வேகமா ஓட்டி என் கைய ஒடிச்சாருன்னு நான் சொல்லாத ஆளு இல்ல. அத்தன பேருக்கும் தெரியணும். எழுது. பேப்பர்ல போடு."

கதவைச் சாத்திக்கொண்டார்.

அதனால்தான் அண்ணே, இதை ஊரே படிக்கப் பேப்பருக்கு எழுதுகிறேன். சொந்தபந்தம் எல்லோரும் கேட்டுக்கொள்ளுங்கள்: குணா அண்ணன் அன்றைக்கு நிதானமாகத்தான் ஓட்டினார். பக்கத்தில் அண்ணி இருக்கிறார் என்று வழக்கத்தைவிட மெதுவாகவே ஓட்டினார். பூட்டாமலே பூட்டிவிட்டேன் என்று சொன்னவன் நான்.

உங்களுக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். கல்யாண வீடோ கோயிலோ, யார் வாயிலிருந்து அந்தப் பழைய பேச்சு வந்தாலும் எழுந்து நின்று இதையே சொல்வேன். அண்ணி மறுபடி கதவைத் திறந்தாலும் சரி, திறக்காவிட்டாலும் சரி.

நேற்று உண்மையைக் கேட்ட பிறகு அண்ணி என்னைத் தம்பி என்று கூப்பிடவில்லை. நீங்களாவது இன்னும் கூப்பிடுவீர்கள் என்றால்,

உங்கள் தம்பி,
சேகர்