கட்டையாக நிற்கும் சைப்ரஸ் வேலி

அன்புள்ள அப்பாவுக்கு,

மகள் பிரேமினி எழுதுகிறேன். நான் சுகம். உங்கள் இடுப்பு வலி குறைந்ததா? நுவரெலியாவில் காலையில் கை விறைக்கிறது. மற்றபடி ஹோட்டல் பூந்தோட்ட வேலை எனக்குப் பிடித்துத்தான் இருக்கிறது.

ஒரு சின்ன விஷயம், பயப்பட வேண்டாம். வாசலில் சைப்ரஸ் வேலி காடாக வளர்ந்திருந்தது. "எங்கப்பா தேயிலத் தோட்டத்துல கவ்வாத்து வெட்டுறவரு, எனக்குத் தெரியும்" என்று பெருமையாகச் சொல்லி, நீங்கள் தேயிலையை வெட்டுவதுபோல முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டேன். மூன்று மாதம் காத்திருந்தேன். ஒரு துளிர்கூட வரவில்லை.

மேற்பார்வை பார்க்கும் டெல்சி அக்கா ஏசவில்லை. "இது தேயில இல்ல புள்ள. வெறுங்கட்டையில இது தழைக்காது. எவ்வளவு வெட்டுனாலும் கொஞ்சம் பச்சைய விட்டு வைக்கணும்" என்றார். இப்போதெல்லாம் கத்தரியை வைக்கும் முன் கிளையை விலக்கி உள்ளே பார்க்கிறேன்.

அனுப்பவா என்று நீங்கள் கேட்ட கவ்வாத்துக் கத்தி வேண்டாம். என் பழைய ஸ்வெட்டரும் கொஞ்சம் வீட்டு மிளகாய்த்தூளும் போதும். அவற்றைப் பஸ்ஸில் யாரிடமும் கொடுத்துவிடாதீர்கள்.

நல்லதண்ணி டவுனில் என்னை பஸ் ஏற்றிவிட்டபோது, "நீ தேயில மாதிரி, எங்க வெட்டி விட்டாலும் தழைச்சிருவ" என்றீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். இந்த மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீங்களே கொண்டு வாருங்கள், அப்பா.

வேலைக்குக் கூப்பிடுகிறார்கள்.

பிரேமினி