டம்ளர் அலசுகிற கை

செவ்வாய், 14

காலையிலிருந்து தூறல். ஆட்டையாம்பட்டி பஸ் லேட். ஆய்வகக் கதவு ஊறிப்போய் மூட மாட்டேன் என்கிறது. கூட்டுவது, கழுவுவது, டீ கொடுப்பதுதான் இங்கே என் வேலை; இன்று ஓவனில் காய்ந்த கண்ணாடிக் குடுவையையும் எடுத்துக் கௌசல்யாவிடம் கொடுத்தேன். மல்லசமுத்திரத்துப் பொண்ணு, ஐந்து வருஷமாக இங்கே ஆராய்ச்சி. இனி சுருக்கமாக கௌ. என்றே எழுதுகிறேன்.

இன்று அந்தச் சண்டைக்கார மருந்து. போரான் ட்ரைகுளோரைடு. பெயரை அவளிடமே சீட்டில் எழுதி வாங்கினேன். அவள் செய்திருக்கும் பொருளில் சின்ன வால் ஒன்று ஒட்டியிருக்கிறதாம். அதை வெட்டும் கத்திரி இது. தண்ணீர் மட்டும் ஆகாது. ஈரக்காற்று பட்டாலே வெள்ளைப் புகையாகச் சீறும். மூக்கெரியும் அமிலம்.

“எங்க ஊட்டுக்காரரும் அப்படித்தான் சாமி. குளிக்கச் சொன்னாச் சீறுவாரு.”

கௌ. சிரித்தாள். மாலையில் சிரிப்பில்லை. வால் வெட்டுப்படவில்லை. குடுவைச் சுவரில் வெள்ளைப் பொடி.

வாங்க: பாத்திர சோப்பு, பச்சை மிளகாய், அவருக்கு மூட்டுத் தைலம்.

புதன், 15

மழை. மறுபடி செய்தாள். மறுபடி அதே பொடி. அவள் ஆராய்ச்சிக்கு வழிகாட்டும் சார் வந்து பார்த்தார்.

“போரிக் ஆசிட்மா. கேரம் போர்டுல தூவுறது. உள்ள எங்கயோ தண்ணி பூந்திருக்கு.”

“மழைதானுங்க சார்” என்றாள் கௌ.

“மழை குடுவைக்குள்ளயா பெய்யுது?”

புட்டியில் இன்னும் ஒரு தடவைக்குத்தான் மருந்து. புதுப் புட்டி வர மூன்று மாதம். கௌ. ஆய்வை முடிக்க இருப்பது ஒன்றரை மாதம். மதியம் டிபன் பாக்ஸைத் திறக்கவே இல்லை. கேலி செய்து பார்த்தேன், பலிக்கவில்லை.

மிளகாய் மறந்தாச்சு.

வியாழன், 16

வெயில் எட்டிப் பார்த்தது. பத்தரைக்குச் சாருக்கு டீ. கழுவிக் கவிழ்த்த டம்ளர்தான். ஆனாலும் ஒரு அலசு அலசி, உதறிவிட்டு ஊற்றினேன். கை அப்படியே நின்றுவிட்டது.

குடுவையையும் அப்படித்தான் அலசினேன். இரண்டு நாளும். எப்போதும் அவளே எடுத்துக்கொள்வாள். இந்த வாரம் கையுறையோடு நிற்கிறாளே என்று நான் எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும் முன் குழாயில் ஒரு அலசு, ஒரு உதறு, வெளியே துணியால் ஒரு துடைப்பு. அலசாமல் எதையும் யாரிடமும் நீட்டிப் பழக்கமில்லை.

வாயை மூடிக்கொண்டால் பழி மழைக்கு. யாருக்கும் தெரியாது மாதாவே. அரை மணி நேரம் தரை துடைத்தேன், துடைத்த இடத்தையே.

“கௌசல்யா, மழ இல்ல சாமி. நாந்தான்.” எல்லாம் சொன்னேன்.

“அலசுனீங்களா? ஏனுங்க்கா?”

“சும்மா குடுத்தா நல்லாருக்காதுன்னு.”

அழுவாள் என்று நினைத்தேன். தரையில் உட்கார்ந்து சிரிக்கிறாள். “அப்ப மருந்து கெடலீங்க்கா! எங்கைல தப்பில்ல! ரெண்டு நாளா நான் ஒண்ணுத்துக்கும் ஆவாதவள்னு...” பிறகுதான் அழுதாள்.

சாரிடம் அவளே சொன்னாள். அவர் என்னைப் பார்த்தார், டம்ளரைப் பார்த்தார். “அதான் டீ இப்படித் தண்ணியா இருக்கா மேரியம்மா?” திட்டு அவ்வளவுதான்.

வெள்ளி, 17

நல்ல வெயில். குடுவையை கௌ. தானே எடுத்தாள், இடுக்கியால். எனக்கு உத்தரவு: கதவுக்கு வெளியே, கையைக் கட்டிக்கொண்டு. ஜெபமாலை இரண்டு சுற்று. கண்ணாடி வழியே பார்த்தேன். ஊசி ரப்பர் மூடியைக் குத்தியது, மருந்து ஏறியது, குடுவைக்குள் இறங்கியது. புகை இல்லை. பொடியும் இல்லை.

மூன்றே கால்.

“மேரியக்கா! வாங்க, வாங்க!”

நீல விளக்கின் கீழ் ஒரு வெள்ளைத் தகடு, பொருள் மாறியதா என்று புள்ளியாகக் காட்டுவது. பழைய புள்ளியைக் காணோம். கொஞ்சம் கீழே புதுசாக ஒன்று. வால் போயாச்சு. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

வேலை முடிந்து குடுவையில் மிச்சமிருக்கும் மருந்தைத் தண்ணீர் விட்டுத்தான் அடக்கணுமாம். குடுவையை ஐஸில் வைத்தாள். எனக்குக் கையுறை, கண்ணுக்குக் கண்ணாடி மாட்டிவிட்டாள். சொட்டுக்குழாயை நீட்டினாள்.

“இப்ப ஊத்துங்க்கா. மெதுவா.”

ஒரு சொட்டு. உஸ். புகை மேலே புகைபோக்கிக்குள் இழுபட்டுப் போனது. இன்னொரு சொட்டு. சீற்றம் குறைந்தது.

“போதுமா சாமி?”

“இனி எவ்ளோ வேணாலும் ஊத்துங்க்கா!”

ஊற்றிக்கொண்டே இருந்தேன்.