கணுக்காலை அழுத்திப் பாருங்கள்

சேசு மரி சூசை துணை

பினாங்கு,
1912 ஆகஸ்டு 20, செவ்வாய்க்கிழமை

கம்பார் ஈயச் சுரங்கத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்க்கும் என் அருமைக் கணவர் செபாஸ்டியன் அவர்களுக்கு, அமலம்மாள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் உங்கள் அம்மாவும் சுகம். உங்கள் சுகத்தைக் கேட்கத்தான் பயமாக இருக்கிறது. இதைப் படிக்கும்போது நின்றுகொண்டிருந்தால் முதலில் உட்காருங்கள்.

உட்கார்ந்தாயிற்றா? இப்போது கணுக்காலுக்கு மேலே, எலும்பின்மேல், கட்டைவிரலை வைத்துப் பத்து எண்ணும்வரை அழுத்துங்கள். விரலை எடுத்ததும் தோல் பழையபடி ஆகிவிட்டால் என்னைப் பைத்தியக்காரி என்று திட்டிவிட்டு வேலையைப் பாருங்கள். குழி அப்படியே நின்றால், தயவுசெய்து, எழுந்திருக்காமல் மேலே படியுங்கள்.

பக்கத்துக் கடையில் மரப்பெட்டி செய்யும் சீனத் தச்சர் ஞாயிற்றுக்கிழமை இறந்துவிட்டார். முப்பத்திரண்டு வயதுதான். இரண்டு மாதமாக முகமும் காலும் உப்பி, பார்க்கச் செழிப்பாக இருந்தார். தௌக்கே முதலாளி ஆகப்போகிறீர்களா என்று நான்கூட வாய்த்துடுக்காகக் கேட்டேன். அன்று காலை ஒரு பலகையைத் தூக்கினார், மார்பைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியில் மருந்து கட்டும் டிரெஸ்ஸராக இருக்கும் என் பெரியம்மா மகன் இராயப்பன் அண்ணன் பூசை முடிந்து நம் வீட்டில் காப்பி குடித்துக்கொண்டிருந்தார். ஓடிப்போயும் பலனில்லை. தச்சரின் காலை அழுத்தி எனக்குக் காட்டினார். பிசைந்த மாவில் விரல் வைத்ததுபோல் குழி நின்றது. தங்கச்சி, இது சதை இல்லம்மா, தண்ணி, பெரிபெரிங்கிற நோய்லா, ஆஸ்பத்திரியில எத்தனை பேரப் பாத்துட்டேன் தெரியுமா என்றார்.

எனக்கு உடனே உங்கள் போன கடிதம்தான் நினைவுக்கு வந்தது. ஈய மணல் நிறுக்கிற தராசில் ஏறி நின்று பதினெட்டு ராத்தல் கூடியிருக்கிறேன் என்று எழுதியிருந்தீர்களே. காலில் சப்பாத்து நுழையவில்லை, மோதிரம் கழலவில்லை, இனி என்னை ஒல்லிக்குச்சி என்று சொல்ல முடியாது என்று எழுதியிருந்தீர்களே. அதைத் தெருவெல்லாம் படித்துக் காட்டினேன். புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் கோயில் திருவிழாவுக்குப் போய், உங்களுக்குச் சதை போட்டதற்கு நன்றியாக முழம் நீள மெழுகுதிரி ஏற்றிவிட்டு வந்தேன். அந்தக் கடிதத்தின் அடியில், படி ஏறினால் மூச்சு வாங்குகிறது, பாதம் மரத்துப்போகிறது என்று இரண்டு வரி இருந்தது. அந்த இரண்டு வரியை நான் யாருக்கும் படித்துக் காட்டவில்லை. வேலை அதிகம் என்று நினைத்துக்கொண்டேன்.

அண்ணன் கடிதத்தை வாங்கி இரண்டு தரம் படித்தார். மச்சான் அங்க என்ன அரிசி சாப்பிடுறாரு என்று மட்டும் கேட்டார்.

என்ன சொல்வேன்? நீங்கள் வழக்கம்போல் சீனி முகம்மது ராவுத்தர் கடைப் புழுங்கலரிசி மூட்டையுடன் புறப்பட்டபோது தடுத்தது நான்தானே. அந்தச் சோற்று வாசனை கூலிகள் குடியிருக்கும் லயத்து வாசனை, கிராணி என்ற பேருக்கு அழகா, நாலு பேர் சிரிப்பார்கள் என்றேன். மல்லிகைப்பூப் போன்ற சயாம் பச்சரிசி உங்கள் சுரங்கத் தௌக்கே வீட்டுச் சமையலில் மூன்று வேளையும் கிடைக்கும்போது இது எதற்கு என்றேன். நீங்கள் மூட்டையை இறக்கி வைத்துவிட்டுப் போனீர்கள். ஏன் அன்று என்னை ஒரு அதட்டு அதட்டவில்லை?

இயந்திரத்தில் தீட்டித் தீட்டி வெளுக்கிற அரிசியில் உயிர்ச்சத்து தவிட்டோடு போய்விடுகிறதாம். நெல்லைப் புழுக்கிக் குத்தினால் சத்து அரிசியிலேயே தங்குமாம். சுரங்கத்துச் சீனர்கள் வீங்கிச் சாக, ரப்பர் தோட்டத்து நம் தமிழ்க் கூலிகள் அந்த நோய் இல்லாமல் இருப்பது இதனால்தான் என்று பெரிய டாக்டர்மாரே சொல்கிறார்களாம். நான் முகம் சுளித்த சோறு அது.

ஆகையால் இன்றைக்கே அந்த வெள்ளைச் சோற்றை நிறுத்துங்கள். உங்கள் ஆபீஸ் பியூன் முனுசாமி வீட்டில் புழுங்கலரிசிதான் பொங்குவார்கள். வெட்கப்படாமல் கேட்டு வாங்கிச் சாப்பிடுங்கள். பச்சைப் பயற்றைத் தோலோடு வேகவைத்து வேளைக்கு ஒரு கிண்ணம். முட்டை, கீரை கிடைத்தால் அதுவும். காலம் தாழ்த்தாமல் ஆரம்பித்தால் எழுந்து நடந்தவர்கள் பலர் என்கிறார் அண்ணன். தாழ்ந்துவிட்டால் என்ன என்று நான் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

தந்தி அடிக்கலாம் என்று துடித்தேன். தந்தியைக் கண்டு மச்சான் பதறி ஓடினால் நெஞ்சு தாங்காது என்று அண்ணன் தடுத்துவிட்டார். உங்கள் அம்மாவிடம் இன்னும் எதையும் சொல்லவில்லை. மகன் குண்டாகிவிட்டான் என்று அவர்கள் உங்களுக்குப் பெரிய அளவில் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார்கள். நேற்று துணியை என்னிடம் காட்டியபோது அடுப்பைப் பார்க்கப் போவதுபோல் எழுந்து போய்விட்டேன்.

அண்ணனுக்கு வியாழக்கிழமை லீவு கிடைத்திருக்கிறது. அவரும் நானும் முதல் கப்பலில் எதிர்க்கரையிலுள்ள பிறைக்குப் போய் ரயில் ஏறுகிறோம். அரிசியும் பயறும் கொண்டு வருகிறோம். சாயங்காலம் கம்பாரில் இறங்குவோம். ஒன்றே ஒன்று கெஞ்சிக் கேட்கிறேன். என்னை அழைக்க ஸ்டேஷனுக்கு வராதீர்கள். கூப்பிடு தூரம்தானே என்று நடக்காதீர்கள். முனுசாமியை அனுப்புங்கள், போதும். வண்டி நிற்கும்போது உங்கள் முகம் அங்கே இல்லையென்றால், நான் சொன்னதைக் கேட்டு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்றுதான் நினைப்பேன். வீடு வந்து சேரும்வரை முனுசாமியிடம் ஒரு வார்த்தையும் கேட்க மாட்டேன்.

தேவதாய் அதுவரை உங்கள் பக்கத்திலேயே இருப்பாளாக.

உங்கள்
அமலம்மாள்