குழிக்குள் நிற்பவருக்கு எந்த எண்ணெய்?

அம்மா,

இன்று சாயங்காலத்திலிருந்து என் உள்ளங்கை வேப்பெண்ணெய் நாறுகிறது. சீயக்காய் போட்டுக் கழுவியும் போகவில்லை. அப்பா கையைப் பிடித்ததால் ஒட்டியது. விளக்கணைத்த பிறகு எழுதுவது தெரிந்தால் விடுதி அம்மாள் காதைத் திருகிவிடுவார்கள். மெழுகுவத்தி வெளிச்சத்தைப் பாவாடையால் மறைத்துக்கொண்டு எழுதுகிறேன். யாராவது புரண்டு படுத்தாலும், இந்த நாற்றமே என்னைக் காட்டிக்கொடுத்துவிடுமோ என்று எழுதுவதை நிறுத்திவிடுகிறேன்.

ஆழ்வார்குறிச்சியில் மரம் அறுக்கிற எல்லாருக்கும் குழிக்குள் நிற்க ஓர் ஆண் ஆள் இருந்தான். நமக்குச் சித்தப்பா இருந்தார். அவர் கொழும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறியதும், வேறு ஆள் கிடைக்கும்வரை என்று நீ குழிக்குள் இறங்கினாய். வேறு ஆள் கிடைக்கவே இல்லை. குழியின் குறுக்கே கிடத்திய மரத்தின்மீது அப்பா, கீழே நீ, நடுவில் ரம்பம். ரம்பம் வழுக்கி ஓட அப்பா மேலே எண்ணெய் தடவுவார். அது ரம்பத்தின் வழியே இறங்கி உன் தலையில் சொட்டும். அதனால் உங்கள் இருவருக்கும் சண்டை என்றால் எண்ணெய்ச் சண்டைதான்.

நல்லெண்ணெய் தடவிய அன்று குழி முழுக்க எறும்பு. விளக்கெண்ணெய் தடவினால் மரத்தூளோடு சேர்ந்து களியாகி, ரம்பம் பாதி மரத்தில் நின்றுவிடும்.

"ஏளா, இழு" என்பார் அப்பா.

"இழுக்கத்தான் செய்யுதேன். மரத்துக்குப் பேதிக்குக் குடுத்திருக்கீக. பைய வரட்டும்."

பிறகுதான் அப்பா வேப்பெண்ணெய்க்கு மாறினார். பூச்சி அண்டாது என்று சொன்னார். பதில் பேச நீ வாயைத் திறந்தால் நாக்கில் சொட்டும் என்பதுதான் காரணம் என்று நீ சொன்னாய். சில நாள் நம் வீட்டில் கடைசி வார்த்தை அப்பாவுடையதாக இருந்தது. அப்புறம் முகத்தை ஒருக்களித்துக்கொண்டு பேச நீ பழகிவிட்டாய்.

நீ கேட்டது தேங்காய் எண்ணெய்.

"ரம்பத்துக்குச் சடை பின்னிப் பூவும் வைக்கணுமோ?"

"ரம்பத்துக்கு இல்ல. கீழ நிக்குதவளுக்கு."

அப்பா சந்தைக்குப் போன நாட்களில் நீயே குப்பியில் தேங்காய் எண்ணெயை மாற்றி வைத்துவிடுவாய். எண்ணெயில் மரத்தூளைக் குழைத்து விரலிடையில் தேய்த்துப் பார்ப்பாய். திரண்டால் ஆகாது, வழுக்கினால் ஆகும். பலா மரத்துக்குப் பிசின் அதிகம் என்று கொஞ்சம் மண்ணெண்ணெய் சேர்ப்பாய். "மேல நிக்குத ஆளுக்கு ரம்பம் ஓடினாப் போதும். கீழ நிக்குத ஆளு ஓடிப்போகாமலும் இருக்கணும்லா" என்று என்னிடம் சொன்னாய்.

காய்ச்சலில் நீ போன பிறகு அதுதான் நடந்தது. அப்பா வேப்பெண்ணெயை விடவில்லை. குழிக்கு வந்த ஆட்கள்தான் ஓடிப்போனார்கள். போன சனிக்கிழமை அப்பா என் பள்ளிக்கூட வாசலில் வந்து நின்றார்.

"படிச்சது போதும்ட்டி. கோயில் கதவுக்குப் பலகை கேட்டிருக்காவ. அடுத்த வாரம் பெட்டியைக் கட்டி வை. நீதான் குழியில எறங்கணும்."

"ஆளு நிக்காததுக்கு எண்ணெய்தாம்பா காரணம். தேங்காய் எண்ணெய் தடவிப் பாருங்க" என்றேன்.

"எந்தப் புஸ்தகத்துல போட்டிருக்கு?"

"அம்மா சொன்னது."

துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். அந்த வாரம் முழுவதும் பாட்டு வகுப்பில் டீச்சர் வாயைத் திறக்கச் சொன்னபோதெல்லாம் எனக்கு வாய் இறுக மூடிக்கொண்டது.

இன்று பெட்டியைக் கட்டி வைத்துவிட்டுத்தான் வாசலுக்குப் போனேன். அப்பாவைப் பார்த்ததும் காவற்காரர் மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளிப்போய் நின்றார். அப்பாவின் தலைமுடி திரிதிரியாக ஒட்டியிருந்தது. காதிலெல்லாம் மரத்தூள், கண் சிவப்பு. குழிக்குள் இறங்க ஒருவரும் சம்மதிக்காததால், மேலே நிற்க ஓர் ஆளைப் பிடித்துவிட்டு, அப்பாவே குழியில் இறங்கியிருக்கிறார். வேப்பெண்ணெயோடுதான்.

காதிலிருந்த மரத்தூளைத் தட்டிவிட்டார். பிறகு, "எத்தனை வருசம்ட்டி நின்னா அவ?" என்றார்.

"எனக்கு நினைவு தெரிஞ்சதுல இருந்து."

அப்பா துண்டால் நாக்கைத் துடைத்துக்கொண்டார். "பலாவுக்கு என்னமோ சேப்பாளே, அது என்னது?"

தேங்காய் எண்ணெயில் கொஞ்சம் மண்ணெண்ணெய் என்றேன். மனப்பாட வசனம்போல முணுமுணுத்துப் பார்த்துக்கொண்டார். "அதைத் தடவினா ஆளு நிக்கும்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். பெட்டியைப் பற்றிக் கேட்கவில்லை. என் கையைப் பிடித்து, "போய்ப் படி" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

ஒன்றை மட்டும் நான் சொல்லவில்லை, அம்மா. மார்கழியில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகும்; நீ குப்பியை மடியில் செருகி உடம்புச் சூட்டில் உருக்குவாய். அது இப்போது எனக்கு மட்டும்தான் தெரியும். அதைக் கேட்க அப்பா இன்னொரு தடவை வரட்டும்.