மஞ்சள் எழுத்தும் கறுப்புப் பட்டையும்

மச்சான்,

நீ கண்ணை மூடிய பிறகு மகள் வாங்கித் தந்த புது கம்ப்யூட்டரில் இன்று மத்தியானம் படம் போட்டோம். அடியில் ஓடிய வசன எழுத்து எறும்பு மாதிரி இருந்தது, அதுவும் வெள்ளை. கதாநாயகன் வெள்ளைச் சட்டையில் வந்ததும் அவன் பேசியதெல்லாம் சட்டைக்குள் போய்விட்டது. உன் நினைவு வந்தது.

பாசிர் கூடாங் ஃபேக்டரியில் பக்கத்துப் பக்கத்து மெஷினில் நின்றுதான் நம் இருவர் காதுகளும் சேர்ந்து மந்தமாயின. நீ வெளியே சொன்னாய். நான் சொல்லவில்லை. வீட்டில் மற்றவர்கள் சிரித்தால் நானும் சிரிப்பேன். அவ்வளவுதான் என் சாமர்த்தியம். நீ தம்போயில் இருக்கும் என் வீட்டுக்கு வந்திருந்த ஞாயிற்றுக்கிழமை, படம் பார்த்துக்கொண்டிருந்த என் மனைவியின் தோள் குலுங்கியது. நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் அழுதுகொண்டிருந்தாள்.

"இனிமே உங்க பக்கத்துல உக்காந்து படமே பாக்க மாட்டேன்" என்று உள்ளே போய்விட்டாள்.

"அலமாக்! செத்த வீட்டப் பாத்துச் சிரிக்கிற மொத ஆளு நீதான்லா" என்றபடி நீ பழைய கம்ப்யூட்டரின் செட்டிங்கைத் திறந்தாய். எழுத்தைப் பெரிதாக்கினாய். என்ன கலர் என்று கேட்டாய்.

"எது மலிவோ அது."

"கலருக்குக் காசு இல்லடா! மஞ்ச எழுத்து, பின்னாடி கறுப்புப் பட்டை. நம்ம ஃபேக்டரித் தரையில ஃபோர்க்லிஃப்ட் பாதைக் கோடு மாதிரி. அதப் பாத்துப் பாத்துத்தான நம்ம உசுரோட இருக்கோம்?"

வசனம் தமிழ், எழுத்து மலாய். தமிழ்ப் படத்தை மலாயில் படித்தா அழுவது என்றேன். "பள்ளிக்கூடத்துல மூணாம் பாரம் வரைக்கும் மலாய் படிச்சது இதுக்காச்சும் ஒதவட்டும்" என்றாய். பிறகு உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தாய்: "வாம்மா தங்கச்சி, இனிமே சரியான எடத்துல சிரிப்பான்!"

அவள் வந்து உட்கார்ந்தாள். நன்றி சொல்லியிருந்தால் "அட, போடா லா" என்று தள்ளிவிட்டிருப்பாய். அதனால் சொல்லவில்லை, இப்போது சொல்கிறேன்.

இன்று மகள், "குடுங்கப்பா, நான் மாத்துறேன்" என்றாள். விடவில்லை. எதையோ அழுத்த, திரையில் இருப்பதையெல்லாம் கம்ப்யூட்டர் சத்தமாக வாசிக்கத் தொடங்கியதாம். வீடே காதைப் பொத்திக்கொண்டது. எனக்கு மட்டும் தெரியவில்லை. ஒருவழியாக உன் மஞ்சளும் கறுப்பும் வந்தன.

எழுத்து வசனத்துக்குச் சற்று முந்தி வருகிறது, மச்சான். இன்று வீட்டில் முதலில் சிரித்தது நான்தான். "இந்தப் படத்த முன்னாடியே பாத்துட்டீங்களா?" என்று என் தோளில் சாய்ந்திருந்த மனைவி இடித்தாள்.

அழுகைக் காட்சியிலும் நான்தான் முந்தினேன். படத்துக்காக என்று அவள் நினைத்துக்கொண்டாள்.