அடித்ததும் புள்ளி வைத்ததும்

அன்பு மகள் வாண்டுவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம், என் நுரையீரலை மட்டும் அதில் சேர்க்க வேண்டாம். நீயும் மாப்பிள்ளையும் வேளைக்குச் சாப்பிட்டு ஒழுங்காகத் தூங்குகிறீர்கள் என்று நம்புகிறேன், நம்பத்தானே முடியும், வந்து பார்க்கவா முடிகிறது. மாடி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறேன் என்று அம்மா என் கட்டிலைக் கூடத்துக்கே கொண்டுவந்துவிட்டாள். வருகிறவர்கள் கண்ணில் முதலில் நான்தான் படுகிறேன், அதற்காகவே தினமும் சவரம் செய்ய வேண்டியிருக்கிறது.

போன செவ்வாய்க்கிழமை ஆஸ்பத்திரியில் ஒரு படிவம் கொடுத்தார்கள். மூச்சு விடவே முடியாத நிலை வந்தால் தொண்டையில் குழாய் விட்டு இயந்திரத்தில் போட வேண்டுமா என்று கேள்வி. பக்கத்தில் 'வேண்டும்', 'வேண்டாம்', தேவையில்லாததை அடிக்கவும் என்று இருந்தது. முப்பத்தொரு வருஷம் அச்சகத்தில் பிழை திருத்தியவன் சும்மா இருப்பேனா, முதலில் படிவத்தில் இருந்த நான்கு எழுத்துப்பிழைகளைத் திருத்தினேன். பிறகு பெரிய வீரனாட்டம், "இதெல்லாம் எதுக்கு டாக்டர், ரொம்ப முடியலைன்னா ஒரு ஊசியைப் போட்டு அனுப்பிடுங்க" என்றேன். அந்த டாக்டர் பெண்ணுக்கு உன் வயதுதான் இருக்கும், சிரிக்கவில்லை. "ஊசி போட்டு உயிரை எடுக்கிறது வேற சார், அதை நான் செய்ய மாட்டேன். இனி குணமாகாதுன்னு தெரிஞ்ச பிறகு மெஷின் போடாம, வலியும் திணறலும் இல்லாம பார்த்துக்கிட்டு, நோயை அதன் போக்குல விடறது வேற. நான் கேக்கிறது அதைத்தான்" என்றாள். இத்தனை வருஷம் இரண்டையும் ஒன்றென்று நினைத்து ஊரெல்லாம் அளந்திருக்கிறேன்.

சரி என்று 'வேண்டும்' மேல் கோடு போட்டேன். கொஞ்ச நேரத்தில் என்னை அறியாமல் அதன் கீழே வரிசையாகப் புள்ளி வைத்திருக்கிறேன். எங்கள் தொழிலில் அதற்கு 'அடித்தது தப்பு, இருந்தபடியே இருக்கட்டும்' என்று பொருள். நர்ஸ் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது வேணுமா வேண்டாமா, தாத்தா?" என்று கேட்டாள். அம்மா அங்கே வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், வீட்டுக்கு வந்து அழுதாள். ஊசி கேட்ட வாய்க்குச் சொந்தக்காரன் சரியான தொடைநடுங்கி என்பது எனக்கே அன்றுதான் தெரிந்தது. எனக்குச் சாகப் பயமாக இருக்கிறது வாண்டு. ஆனால் இனி தேற வழியில்லை என்று தெரிந்த பிறகும் பேச முடியாமல் குழாயோடு கிடப்பது அதைவிடப் பயமாக இருக்கிறது. இரண்டு நாள் யோசித்துப் புதுப் படிவம் வாங்கி 'வேண்டும்' என்பதை அடித்துவிட்டேன், புள்ளி வைக்காமல்.

ஒரு கட்டம் மட்டும் காலி. எனக்கு நினைவில்லாதபோது என் சார்பில் பேச ஒருவர் பெயர் எழுத வேண்டுமாம். "வேண்டாம்னு என் வாயால சொல்ல முடியாது, என்னை விட்டுடுங்க" என்று அம்மா சொல்லிவிட்டாள். உன்னைக் கேட்காமல் உன் பெயரை எழுத மனம் வரவில்லை. முடியாது என்றால் முடியாது என்றே எழுது. இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வேன், அவ்வளவுதான்.

நீங்கள் இருவரும் நோய்நொடி இல்லாமல் நீண்ட காலம் நன்றாக இருக்க வேண்டும். பதிலைக் கடிதமாகவே போடு, போன் செய்யாதே. உன் குரலைக் கேட்டால் குழாயும் வேண்டும், இயந்திரமும் வேண்டும், இன்னும் பத்து வருஷமும் வேண்டும் என்று கேட்டுவிடுவேன்.

ஆசிகளுடன்,
உன் அப்பா